நித்திரையில் பல் நெருமுவது: கவசம் போட்டும் நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

குளக்கட்டு | மார்கழி 3, இரவு 7.50

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறேன், வயது 43. கொஞ்ச நாளாக நித்திரையில் பல் நெருமுகிறேனாம். "ஆம்" போடுவதற்குக் காரணம், எனக்கு அது கேட்பதில்லை. மனுசிக்குத்தான் கேட்கிறது. ஆட்டுக்கல்லில் மணலைப் போட்டு அரைக்கிற மாதிரியாம். சின்னவன் ஒருநாள் பயந்து எழும்பி, அப்பாவுக்குள் எலி இருக்கிறது என்று அழுதான். இப்போது தாயும் பிள்ளையும் விறாந்தையில் படுக்கிறார்கள். உள்ளே நானும் எலியும்.

காலையில் எழும்பினால் இரண்டு நெற்றிப் பொட்டும் இடிக்கும். பத்து மணிக்குள் தானாகப் போய்விடும். பாண் சப்பவே தாடை களைக்கிறது. போன மாதம் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை உடைந்து கையோடு வந்தது. எலும்பு கடிக்கவில்லை, கச்சான் கடிக்கவில்லை. வெறும் சோறு.

இணையத்தில் ஒரு ரப்பர் கவசம் எடுப்பித்தேன், கொதிநீரில் போட்டுக் கடித்து அச்சாக்குவது. மூன்று கிழமையில் அதில் ஓட்டை விழுந்துவிட்டது. அதைப் போட்ட நாட்களில் தாடை இன்னும் கூட நோகிறது.

காலபோகப் பயிர் நிற்கிறது, யானைத் தொல்லை. கிழமைக்கு நான்கு இரவு காவல் கொட்டிலில்தான் படுக்கை. இதற்கு ஏதும் குளிசை இருக்கிறதா? ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தப் பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

முறிகண்டிக்கச்சான் | மார்கழி 3, இரவு 8.15

அண்ணை, யானை போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பகிடி ஒரு பக்கம். பல் நெருமினால் வயிற்றில் பூச்சி என்று என் அம்மம்மா சொல்வார். ஒரு பூச்சிக் குளிசை போட்டுப் பாருங்கள். வேப்பங்கொழுந்து அரைத்து வெறும் வயிற்றில் விழுங்கினாலும் சரி.

வீரைமரம் | மார்கழி 3, இரவு 9.05

பிடுங்கும் கதை வந்ததால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வலது கீழ்ப் பல்லில் ஐந்து மாதம் நோ. சூத்தை இல்லை, வீக்கம் இல்லை. காசு கட்டிப் பார்க்கும் ஓரிடத்துக்குப் போனேன், இடத்தின் பெயர் வேண்டாம். பார்த்தார், தட்டினார், பிடுங்கினார். ஒரு கிழமை நிம்மதி. பிறகு அதே நோ, பக்கத்துப் பல்லுக்கு வந்துவிட்டது. அதையும் பிடுங்குவோம் என்றபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்து வேறு ஒருவரிடம் காட்டினேன். அவர் பல்லைத் தொடவே இல்லை. பெருவிரலைக் கன்னத்துக்கு உள்ளேயும் சுட்டுவிரலை வெளியேயும் வைத்துத் தாடைத் தசையை ஓர் அமத்து அமத்தினார். அம்மாவாணை, அந்தப் பல் நோ அப்படியே எழும்பி வந்தது! இரவெல்லாம் கடித்துக் கடித்துத் தசைதான் நொந்து போயிருக்கிறது, நோ மட்டும் பல்லில் போய்த் தெரிகிறது என்றார்.

பிடுங்கின பல் நல்ல பல். இன்றைக்கும் அந்த இடைவெளியில் இறைச்சி நார் சிக்கும்போது எரிச்சல் வரும்.

வெண்பல் | மார்கழி 4, இரவு 10.20

நான் வன்னியில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் பல் வைத்தியராக இருக்கிறேன். எது என்று கேட்காதீர்கள். கிளினிக் முடிந்து சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் போனைத் தொட்டேன்.

வீரைமரம் சொன்னது அடிக்கடி நடக்கிறது. தாடைத் தசையின் நோ கடைவாய்ப் பல்லில் தெரியும், நெற்றிப் பொட்டில் தெரியும், காதுக்குள்ளும் தெரியும். காது நோ என்று மாதக்கணக்காகக் காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

குளக்கட்டு அண்ணை, மூலை உடைந்தது என்பதற்காக யாரும் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. வெடிப்பு வேருக்குள் இறங்கியிருந்தால்தான் அந்தக் கதை. பெரும்பாலும் அடைத்துவிடலாம். ஆனால் நெருமல் தொடர்ந்தால் அடைத்ததும் உடையும். எனாமல்தான் மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதையே உடைத்த தாடைக்கு நாங்கள் வைக்கும் சீமெந்து எம்மாத்திரம்?

மனக்கவலையால்தான் பல் நெருமுகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். கவலைக்கும் பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை. மூளை இரவு முழுக்க ஒரே ஆழத்தில் கிடப்பதில்லை. குளத்து விரால் மூச்செடுக்க மேலே வந்து வாயைக் காட்டிவிட்டு மறுபடி அமிழ்கிறதே, அந்த மாதிரி நித்திரையும் பல தடவை மேலே வந்து, முழுதாக விழிக்காமலே திரும்ப அமிழும். மேலே வரும் அந்தச் சில விநாடியில் இதயத் துடிப்புக் கூடும், அதன் பின்னால் தாடைத் தசை இறுகும், பல் உரசும். ஆகவே நித்திரையை எது அடிக்கடி மேலே இழுக்கிறது என்று தேட வேண்டும். குறட்டையும் மூச்சடைப்பும், புளித்து மேலே வரும் நெஞ்செரிவு, இருட்டிய பிறகு குடிக்கும் தேத்தண்ணி, சிகரெட், சாராயம், சில வகைக் குளிசைகள். புகைப்பவர்களிடமும் குடிப்பவர்களிடமும் நெருமல் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது.

வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. வளர்ந்தவர்கள் 100 பேரை எடுத்தால் 8 முதல் 13 பேர் வரை நித்திரையில் நெருமுபவர்கள். வேறு குறை இல்லாத ஒருவரிடம் இதை நோய் என்றே சொல்லத் தேவையில்லை, தசையின் ஒரு செயற்பாடு என்று சொன்னால் போதும் என 2018இல் இத்துறையின் பன்னாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதினார்கள். பல் உடைந்து, தலை இடித்து, மனுசி விறாந்தைக்குப் போன பிறகு அது வேறு கதை.

ரப்பர் கவசத்தில் ஆச்சரியம் இல்லை. மெத்தென்ற பொருள் வாய்க்குள் இருந்தால் சிலருடைய தாடை அதைச் சப்பத் தொடங்கிவிடும்.

இனி என் கேள்விகள். குறட்டை விடுவீர்களா? இடையில் மூச்சு நிற்கிறதா? இதை மனுசியிடம் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. பகலில் தூங்கி விழுகிறீர்களா? என்ன குளிசை எடுக்கிறீர்கள்? வெற்றிலை போடுவீர்களா? கடைசியாக, வாயைத் திறந்து உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி உள்ளே விட்டுப் பாருங்கள், போகிறதா?

குளக்கட்டு | மார்கழி 5, காலை 6.10

டொக்டர், கொட்டிலில் இருந்து எழுதுகிறேன். ராத்திரி இரண்டு தடவை யானை வெடி போட்டோம்.

குறட்டை கேட்கவே வேண்டாம். மனுசியிடம் கேட்டேன். நடுவில் சத்தமே இல்லாமல் போகுமாம். மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று அவள் எழும்பி எட்டிப் பார்ப்பாளாம். பிறகு ஒரு பெரிய இழுவையோடு எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமாம். இதை இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லவில்லை, பகிடி என்று நினைத்திருக்கிறாள்.

லாண்ட்மாஸ்டர் ஓட்டும்போது கண் சொருகுகிறது, உண்மை. பிறசருக்கு ஒரு குளிசை எடுக்கிறேன். சிகரெட் இல்லை. காவலுக்கு ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தல் நிறையப் பிளேன்ரீ, விடிவதற்குள் முடிந்துவிடும். வெற்றிலை ஓர் இரவுக்கு ஐந்தாறு வாய்.

மூன்று விரல் போகவில்லை. இரண்டரை.

வெண்பல் | மார்கழி 5, இரவு 9.40

அண்ணை, அந்த இரண்டரையை நான் சும்மா விடமாட்டேன்.

தாடைத் தசை இறுகியதால் திறக்க முடியாமல் இருக்கலாம். பாக்கினாலும் இருக்கலாம். பாக்கைத் தொடர்ந்து போட்டால் கன்னத்தின் உட்சதை நாராக இறுகி, வெளிறி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொள்ளும். காரம் பட்டால் எரியும். அது பிற்பாடு புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. "நான் புகையிலை போடுவதில்லை டொக்டர், வெறும் வெற்றிலைதான்" என்ற வசனத்தை நாளுக்கு எத்தனை தடவை கேட்கிறேன் தெரியுமா. பக்கத்து ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்கு இந்தக் கிழமையே போய்க் கன்னத்தின் உட்பக்கத்தைக் காட்டுங்கள். பல்லை இரண்டாவதாகக் காட்டலாம்.

அடுத்தது குறட்டை. மூச்சு நின்று திரும்ப வருவது, பகல் தூக்கம், பிறசர் என்று மூன்றும் சேர்ந்தால் நித்திரை மூச்சடைப்பை நினைக்க வேண்டும். பிறசர் கிளினிக்கில் மனுசி சொன்னதை அப்படியே சொல்லுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிப் போங்கள், சாட்சி அவர்தானே. நெஞ்சு நோய் வைத்தியரிடம் எழுதி அனுப்புவார்கள், நித்திரைச் சோதனை செய்வார்கள். அதற்கு முன் கவசத்துக்கு அவசரப்பட வேண்டாம். மூச்சடைப்பு உள்ள சிலருக்கு மேற்பல் கவசம் போட்டால் மூச்சு இன்னும் மோசமாகிறது. கண் சொருகும் நாளில் லாண்ட்மாஸ்டரைத் தொடாதீர்கள்.

கவசம் போட்டால் நெருமல் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலும் நிற்காது. பல்லுக்கு விழும் அடியைக் கவசம் வாங்கிக்கொள்ளும், அவ்வளவே அதன் வேலை. அந்த வேலைக்கே அது பெறுமதி. ஆனால் இரவை உடைப்பதைத் தேடாமல் கவசத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், வரம்பு உடைந்த இடத்தை விட்டுவிட்டு வயலுக்குள் நின்று தண்ணீர் இறைப்பதுபோல்தான்.

இன்றைக்கே செய்யக்கூடியவை: காவல் இல்லாத நாளில் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். மல்லாந்து படுக்காமல் சரிந்து படுங்கள். படுக்கப் போகுமுன் துணியில் உப்பு முடிந்து சூடாக்கி, பொறுக்கக்கூடிய சூட்டில் இரண்டு தாடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம். பகலில் பல்லோடு பல் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, விழுங்குதல் எல்லாம் சேர்த்தும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரு நாளில் தொட வேண்டிய நேரம் இருபது நிமிடம்கூட வராது. உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக்கூடாது.

பாலைப்பழம் | மார்கழி 6, பி.ப. 3.30

டொக்டர் "சில வகைக் குளிசைகள்" என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டார். அதில் அகப்பட்டவள் நான்.

மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் தொடங்கி மூன்றாவது கிழமை, காலையில் வாய் திறக்கவே கஷ்டமாக இருந்தது. அதற்கு முன் என் வாழ்க்கையில் பல் நெருமியதே இல்லை. ஃபுளூஒக்செற்றின், வென்லாஃபக்சின் போன்றவற்றிலும் இப்படி வரலாமாம். நான் செய்த முட்டாள்வேலை, யாரையும் கேட்காமல் குளிசையை ஒரேயடியாக நிறுத்தியது. தலைச்சுற்று, அழுகை, நித்திரையே இல்லை. பிறகு மனநலக் கிளினிக்கில் உண்மையைச் சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன், விழவில்லை. அளவைக் குறைத்து, நேரத்தை மாற்றித் தந்தார்கள். ஒரு மாதத்தில் முக்கால்வாசி அடங்கிவிட்டது. தயவுசெய்து யாரும் நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

பகலில் பல் சேராமல் வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு தமிழ் வாத்தியாரின் வழி. "அன்னம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அந்த இரண்டு சுழி ன்-இல் நாக்கு நுனி எங்கே தொடுகிறதோ, மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், அங்கேயே நாக்கை விட்டுவிடுங்கள். பல் தானாக விலகி நிற்கும், தாடை தொங்கும். மூன்று சுழி ண் வேண்டாம், நாக்கு மடங்கிப் பின்னுக்குப் போய்விடும். பத்தாம் வகுப்பில் எழுத்துப் பிழை திருத்தும்போதுதான் நான் அதிகம் பல்லை இறுக்குகிறேன் என்று கண்டுபிடித்தேன். சிவப்புப் பேனாவின் மூடியில் ஓர் ஒட்டுப்பொட்டு ஒட்டினேன். கண் அதில் படும்போதெல்லாம் "அன்னம்".

முறிகண்டிக்கச்சான் | மார்கழி 6, பி.ப. 4.02

ரீச்சர், இருபது வருசத்துக்குப் பிறகு ன, ண வித்தியாசம் இன்றைக்குத்தான் விளங்கியது. நன்றி. (நண்றி இல்லை.)

சின்னவள்அம்மா | மார்கழி 6, இரவு 8.30

என் மகளுக்கு ஐந்து வயது. அவளும் நெருமுகிறாள், காது கூசுகிறது. மாமி தினமும் பூச்சி என்கிறார். உண்மையா? சின்னப் பிள்ளைக்குக் கவசம் இருக்கிறதா?

வெண்பல் | மார்கழி 6, இரவு 10.05

தங்கச்சி, பிள்ளைகளிடம் இது பெரியவர்களைவிட அதிகம். நிரந்தரப் பற்கள் முளைத்து முடிகிற காலத்தில் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். தாடை வளர்கிற வயது, கவசம் வேண்டாம். பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பூச்சி மருந்து உரிய காலத்தில் கொடுப்பது நல்லது, அது பிள்ளையின் இரத்தத்துக்கும் வளர்ச்சிக்கும். மாமியோடு இதற்காகச் சண்டை வேண்டாம், இருவரும் பாதி சரி. ஆனால் பிள்ளை வாயால் மூச்சு விடுகிறதா, குறட்டை விடுகிறதா, அடிக்கடி தொண்டை வீங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

நந்திக்கடற்காற்று | மார்கழி 7, இரவு 11.50

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அம்மாவுக்கு இப்போது 61. நெருமுவது குறைவு, இறுக்கிக் கடிப்பதுதான் கூட. சத்தமே வராது. நித்திரையில் கன்னத்தைத் தொட்டால் கல்லு மாதிரி இருக்கும். இரண்டு பல் நெடுக்காகப் பிளந்துவிட்டது. கடினமான பிளாஸ்டிக் கவசம் செய்து கொடுத்தோம், அதையும் இரண்டாக்கினார்.

2009இல் மாத்தளனில் பங்கருக்குள் இருந்தோம். ஷெல் கூவும்போது வாயைத் திற, வாயைத் திற என்று அம்மா எங்கள் மூன்று பேருக்கும் கத்துவார், காது கிழியாமல் இருப்பதற்கு. தம்பி சின்னவன், அவனுடைய வாய்க்குள் தன் விரலை வைத்துக்கொள்வார். எங்கள் எல்லாருடைய வாயையும் திறக்க வைத்தவரின் வாய்தான் இப்போது இரவில் பூட்டிக் கிடக்கிறது.

இரண்டாவது கவசத்துக்கு அச்செடுக்கப் போன இடத்தில் அந்தப் பல் டொக்டர் பிள்ளை, வயது முப்பதுகூட இருக்காது, அம்மாவிடம் "கெட்ட கனவு வருமா அம்மா?" என்று கேட்டார். பல்லைக் காட்ட வந்த இடத்தில் கனவைக் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அழத் தொடங்கிவிட்டார். பதினைந்து வருசத்தில் அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

மனநலக் கிளினிக்குக்கு ஒன்றரை வருசமாகப் போகிறார். கதைக்கிறார்கள், இரவில் ஒரு குளிசை. இறுக்கம் முற்றாகப் போகவில்லை. இரண்டாவது கவசம் இன்னும் முழுதாக இருக்கிறது, அதைத்தான் கணக்காக வைத்திருக்கிறேன்.

வீரைமரம் | மார்கழி 8, காலை 5.40

தங்கச்சி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மூலிகைமன்னன் | மார்கழி 9, பி.ப. 1.15

பல் நெருமல், பல் ஆட்டம், வாய் நாற்றம் அனைத்துக்கும் எங்களின் 21 மூலிகைத் தைலம். ஏழே நாளில் நிரந்தரத் தீர்வு. உட்பெட்டியில் தொடர்பு கொள்ளவும்.

முறிகண்டிக்கச்சான் | மார்கழி 9, பி.ப. 1.20

யானைக்கும் வேலை செய்யுமா?

வெண்பல் | மார்கழி 9, இரவு 9.30

எண்ணெய் கொப்பளிப்பதால் தாடைத் தசைக்கு ஒன்றும் ஆகாது. அது போகட்டும். உமிக்கரியால் பல் விளக்குபவர்கள், நெருமலும் இருந்தால், அதை விட்டுவிடுங்கள். ஏற்கனவே தேய்ந்த பல்லை மறுபடி அரம் போட்டுத் தேய்ப்பதுதான் அது. நெஞ்செரிவு, சோடா, தேசிக்காய்ச்சாறு என்று அமிலமும் சேர்ந்தால் இன்னும் வேகமாகப் போகும்.

ஏ9பயணி | மார்கழி 11, மு.ப. 10.00

ஒரு சந்தேகம். உங்கள் கடி சரியில்லை, அதனால்தான் நெருமுகிறீர்கள், நாலைந்து பல்லை மட்டமாக ராவிவிட்டால் நின்றுவிடும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். செய்யலாமா?

வெண்பல் | மார்கழி 11, இரவு 8.50

செய்யாதீர்கள். கடி பிசகினால் நெருமல் வரும் என்பது பழைய நம்பிக்கை, இன்றைக்கு அது நிற்கவில்லை. ராவிய எனாமல் திரும்ப வளராது. புதிதாக அடைத்த பல் உயரமாக இருந்து தட்டுப்பட்டால் அந்த அடைப்பை மட்டம் செய்வது வேறு. நல்ல பல்லில் கை வைக்க விடாதீர்கள்.

பனிக்குளிர் | மார்கழி 14, மு.ப. 4.15

பிறந்தது மல்லாவி, இருப்பது ஸ்காபரோ. இங்கே நான் தாடைக்குப் பொட்டொக்ஸ் ஊசி போட்டேன், இரண்டு பக்கமும். பத்து நாளில் தலையிடி குறைந்தது. மூன்றரை மாதத்தில் திரும்பி வந்துவிட்டது, மறுபடி ஊசி, மறுபடி காசு. முதல் தடவை சிரிப்பு ஒரு பக்கம் கோணிப் போனது, கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. ஊசி நெருமலை நிறுத்துவதில்லையாம், கடிக்கும் பலத்தைத்தான் குறைக்கிறதாம். இடியப்பம் பிரச்சினை இல்லை. ஊரிலிருந்து வந்த கச்சான்தான் கடிக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முறிகண்டிக்கச்சான் | மார்கழி 14, காலை 7.00

என் பெயரை இழுக்க வேண்டாம்.

குளக்கட்டு | தை 27, இரவு 8.10

மன்னிக்க வேண்டும், பொங்கல், காவல் என்று இந்தப் பக்கம் வரக் கிடைக்கவில்லை.

பல் கிளினிக்குக்கு டொக்டர் சொன்ன அதே கிழமை போனேன். விடியற்காலையே போய் நம்பர் எடுத்தும் பத்தரைக்குத்தான் உள்ளே போக முடிந்தது. கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். நார் இன்னும் கட்டவில்லையாம், ஆனால் வெளிறத் தொடங்கியிருக்கிறதாம். பாக்கை அன்றோடு விட்டேன். பொய் சொல்லக்கூடாது, இரண்டு தடவை வழுக்கினேன், இரண்டும் கொட்டிலில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். உடைந்த பல்லை அடைத்துவிட்டார்கள், பிடுங்கவில்லை.

நித்திரைச் சோதனை போன கிழமை நடந்தது. விரலில் ஒன்று, மூக்கில் ஒன்று, நெஞ்சில் பட்டி. அப்படிக் கட்டிவைத்தால் யாருக்கு நித்திரை வரும் என்று நினைத்தேன், அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். யானை இல்லையே. மூச்சடைப்பு இருக்கிறது, ஆனால் இலேசானது. காற்றூதும் மெஷின் இப்போது வேண்டாம், எட்டுக் கிலோ குறை, சரிந்து படு, ஆறு மாதத்தில் வா என்றார்கள். கடினக் கவசம் போடலாமா என்று கேட்டேன். போட்டுப் பாருங்கள், குறட்டை கூடினால் கழற்றிவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார்கள்.

இளஞ்சிவப்புக் களி ஒன்றை ஒரு தட்டில் வைத்து வாய்க்குள் அமத்தி அச்செடுத்தார்கள். ஓங்காளம் வந்தது. காலைத் தூக்கிப் பெருவிரலை ஆட்டுங்கள் என்றார் அந்தத் தாதி. ஏன் என்று தெரியாது, ஓங்காளம் நின்றுவிட்டது. வெளியில் செய்வித்ததால் இரண்டு மூட்டை நெல்லின் காசு போய்விட்டது. கண்ணாடி மாதிரி, மேற்பல் முழுக்க மூடும். முதல் நான்கு நாள் எச்சில் ஆறாக ஓடியது.

வெண்பல் | தை 27, இரவு 10.15

நல்ல செய்தி. பச்சைத்தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள், சுடுதண்ணீர் பட்டால் வளைந்துவிடும். வெயிலிலும் வைக்காதீர்கள். நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அதுகளுக்கு எச்சில் பட்ட பிளாஸ்டிக் என்றால் உயிர். இரண்டு கிழமையில் கொண்டுபோய்க் காட்டி மட்டம் பார்க்க வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

குளக்கட்டு | பங்குனி 9, இரவு 7.30

அறுவடை முடிந்தது. கரைப் பாத்தி இரண்டை யானை கொண்டுபோனது, மிச்சம் வீடு வந்தது.

காவல் நின்று மூன்று கிழமை, ஆகவே எதனால் எது குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தலையிடி கிழமைக்கு ஒருநாள் வருகிறது. மூன்று விரல் போகிறது, கொஞ்சம் இறுக்கமாக. கவசத்தில் இரண்டு கோரைப் பல் படும் இடத்திலும் கீறல் விழுந்திருக்கிறது, அதாவது எலி இன்னும் உள்ளேதான். ஆனால் சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று மனுசி சொல்கிறாள். அவள் உள்ளே வந்துவிட்டாள். நான்கு கிலோ குறைந்திருக்கிறேன்.

கவசத்தை ஒருநாள் லாண்ட்மாஸ்டரின் பெட்டிக்குள் வைத்து மறந்துபோய், மத்தியான வெயிலில் வளைந்துவிட்டது. ஏச்சு வாங்கிக்கொண்டு திருத்தி எடுத்தேன். டொக்டர் சொன்னதை வாசித்தும் செய்தேன், மன்னிக்கவும்.

சரிந்து படுப்பதுதான் பெரும்பாடு. எப்படிப் படுத்தாலும் நடுச்சாமத்தில் மல்லாந்துவிடுவேன். மனுசி பழைய சேட் ஒன்றின் முதுகில் ஒரு பை தைத்து, அதற்குள் சின்னவனின் டெனிஸ் பந்தைப் போட்டுவிட்டாள். புரண்டால் முதுகில் குத்தும், தானாகத் திரும்பிவிடுகிறேன். நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பள்ளிக்கூட மைதானத்தில் சனிக்கிழமை மட்ச் இருக்கிறதாம், பையன் இரண்டு நாளாக என் முதுகையே பார்த்துக்கொண்டு திரிகிறான்.

முறிகண்டிக்கச்சான் | பங்குனி 9, இரவு 7.41

பந்தைக் கொடுங்கள் அண்ணை. சனி இரவுக்கு ஒரு தேங்காயைத் தைக்கலாம்.